மந்திரி மாமி

சாம்பு தோற்றால் அதற்கு வேறு யாராவது காரணமாக இருந்தாக வேண்டும். தொண்ணூற்றெட்டில் அப்படி வாய்த்தவள் அவருடைய மனைவி பிரதிபா.

ரயில்வே வேலையாகத் திருச்சியிலிருந்து மைசூருக்கு வந்தவர் சாம்பு. ஆபீசில் செஸ் என்றால் அவர்தான். ஆட்டம் தொடங்கியதுமே ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாய்வார். எதிராளி மிரண்டு போவார். இந்தத் தொடக்கம் உதவாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்று யாராவது சொன்னால், எழுதினவன் என்னோடு ஆடியிருக்கிறானா என்று கேட்பார்.

சரஸ்வதிபுரத்தில் இன்டர்நெட் சென்டர் திறந்ததும் ஆபீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரனோடு மோதினார். மவுஸ் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் கிளாஸ் போயிருந்த பிரதிபாவை உட்காரவைத்து, பின்னால் நின்று உத்தரவு போட்டார். கொடுத்த சிப்பாய் போனது போனதுதான். கொஞ்ச நேரத்தில் ராஜாவுக்கு செக்.

"மந்திரியை ராஜாக்கு முன்னாடி வை," என்றார்.

வைத்தாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

சாம்பு மந்திரி என்று சொன்னது குறுக்கே ஓடுகிற காயை. பிரதிபா பிறந்து வளர்ந்த மைசூர் வீட்டில் அது ஒண்டெ, அதாவது ஒட்டகம். கன்னடக்காரர்களோடு ஆடிப் பழகிய அந்த வீட்டில் மந்திரி என்றால் ராணி. அவள் ராணியை நகர்த்தினாள். வெளிநாட்டுக்காரன் யானையால் அதை அள்ளிக்கொண்டு போனான். அப்புறம் ஆட்டம் வெகுநேரம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து கல்யாணம், சீமந்தம், ஆபீஸ் பிக்னிக் ஒன்று பாக்கியில்லை, எல்லா இடத்திலும் சாம்பு இந்தக் கதையைச் சொன்னார். "ஜெயிச்ச ஆட்டம் சார். இவளுக்கு மந்திரிக்கும் ராணிக்கும் வித்தியாசம் தெரியலை." ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளுக்கு மந்திரி மாமி என்றே பெயர் விழுந்தது. கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவாள்.

அடுத்த வருஷம் அவள் தம்பி அபிஜித் கம்ப்யூட்டர் வாங்கினான். அதில் செஸ் ஆடுகிற புரோகிராம் இருந்தது. சாம்புவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அந்த ஆட்டத்தைப் போட்டுப் பாத்துடலாம். நான் சொன்னதை வச்சிருந்தா ஜெயிச்சிருப்பேன்னு மிஷினே சொல்லட்டும்."

பிரதிபாவும் கூடப் போனாள். மிஷின் அவர் பக்கம் பேசினால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் இன்றோடு ஒழியும். சாமியை வேண்டிக்கொண்டாள்.

நகர்த்தல்கள் எல்லாம் சாம்புவுக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல அபிஜித் காய்களை வைத்தான். அந்த இடம் வந்ததும் மிஷினைக் கேட்டான். மறுபடியும் கேட்டான்.

"அத்திம்பேரே, அக்கா வச்சதுதான் சரி. நீங்க சொன்ன காயை வச்சிருந்தா அடுத்த நகர்த்தல்லயே செக்மேட். ராணி முன்னாடி வந்ததாலதான் இன்னும் கொஞ்சம் ஓடித்து. நீங்க அந்த சிப்பாயைக் குடுத்தப்பவே ஆட்டம் போச்சு, இல்லையா?"

சாம்புவின் காது சிவந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்வார் என்று பிரதிபா காத்திருந்தாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், 'அப்படியா' என்றால்கூடப் போதும். அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் பக்கத்து வீட்டுக் கனகலக்ஷ்மி நின்றிருந்தாள். "என்ன சார், மிஷின் என்ன சொல்லித்து?"

"என்னத்தைச் சொல்லும்? மந்திரின்னா என்னன்னு தெரியாதவ கையில மவுஸைக் குடுத்தா அப்படித்தான்."

கனகலக்ஷ்மி சிரித்தாள். பிரதிபா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பூட்டைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.

இதுவரை தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தெரியாதவரோடு குடித்தனம் நடத்தலாம், அவளும் நடத்தினாள். இன்றைக்கு அவர் தெரிந்தே சொன்னார்.