பட்டு நூல் போட்ட காது

வீரபாகுவுக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று வந்துவிடும் போல் வலித்தது. விடிந்ததிலிருந்து கொதிக்கிற அரக்குச் சாயத்தில் பட்டு நூலை முக்கி, தடியில் மாட்டி முறுக்கிப் பிழிந்த வலி. கை மணிக்கட்டு வரை சிவப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்தக் கையோடு, செவிலிமேட்டில் சாயப் பட்டறையை ஒட்டியிருந்த கிறிஸ்தவ அனாதை இல்லத்து வாசலில் நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை.

இல்லத்தில் வளரும் கிருபையைத் தத்து எடுத்துப் போக டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மாள் அன்று வந்து இறங்கியிருந்தாள். கிருபைக்கோ இரண்டு காதும் வீங்கிச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. காரணம் வீரபாகு.

பஸ் ஸ்டாண்டில் துணி சுற்றிக் கிடந்த நாளிலிருந்து கிருபையைத் தூக்கி வளர்த்தவள் இல்லத்து ஆயா மரியம்மாள். போன வாரம் அவள்தான் மதிலுக்கு மேல் எட்டிக் கூப்பிட்டாள்.

“வீரபாகு, உன் மடி வேணும்பா.”

“என் மடியா? இன்னாத்துக்குமா?”

“கிருபை சீமைக்குப் போவப்போவுது. மூளிக் காதோட அனுப்பினா நாதியத்ததுன்னுதான நெனைப்பாங்க? காது குத்தணும். தாய்மாமன் மடின்னு ஒண்ணு வேணாமா?”

“நான் முருகனைக் கும்புடுறவன்மா.”

“உன் மடியுமா கும்புடுது? வந்து உக்காருபா.”

உட்கார்ந்தான். ஆசாரி குத்தியதும் குழந்தை வீறிட்டு அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியில் ஏதோ ஆகி, “என் மருமவளுக்குத் தங்கத்துல கம்மல் போடுறேன்” என்று வாய்விட்டான். ஓட்டை தூராமலிருக்க வேப்பங்குச்சி செருகுவதுதான் வழக்கம். சீமைக்குப் போகிற பிள்ளைக்குக் குச்சியா என்று பட்டறைக்கு ஓடி, அன்று சாயம் ஏற்றிய பட்டில் ஒரு இழை கிள்ளிவந்து முடிச்சுப் போட்டான். பட்டல்லவா! சாயம் புண்ணில் இறங்கியது. காய்ச்சல் வந்தது.

காது ஆறாமல் பயணத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார் டாக்டர். இல்லத்தை நடத்தும் தேவசகாயம் அய்யா அதைவிட மோசமாக ஒன்று சொன்னார். “முன்னாடி ஒரு பையனைத் தேமலைப் பாத்துட்டே வேணாம்னு போய்ட்டாங்க. இந்தம்மா சீழைப் பாத்தா?”

“பூந்து வாயேன்பா!” உள்ளேயிருந்து மரியம்மாள் கத்தினாள். “வாசப்படியைக் கும்புட்டுக்கினு நிக்கிற!”

உள்ளே அந்த அம்மாள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கவுனின் தோளெல்லாம் சீழும் சிவப்புச் சாயமும். அதன் மேலேயே கன்னத்தை வைத்துக் கிருபை தூங்கினாள். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பிள்ளை.

“நூலை உருவிட்டு ஓட்டையைத் தூரவிட்டா சீக்கிரம் ஆறிடும்னு டாக்டர் சொல்றார்” என்றார் தேவசகாயம். “தாய்மாமன் மடியில குத்தின காதுன்னு நான் வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்போ தூரக்கூடாது, ஆறுற வரைக்கும் இங்கியே இருக்கேன்றாங்க.”

இருந்தாள். உப்பு வெந்நீரால் துடைத்தாள். நூலுக்குப் பதிலாக மரியம்மாள் சீவிச் செருகிய வேப்பங்குச்சியை எண்ணெய் தொட்டு மெல்லத் திருப்பக் கற்றுக்கொண்டாள். கொசுக்கடியில் அவள் கால் தடித்துப்போனது, வாய் திறக்கவில்லை. வேலை விட்டதும் வீரபாகு மதிலோரம் நின்று அதைப் பார்ப்பான். வரதராஜர் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதுகூட அவன் அப்படி மெய்மறந்து நின்றதில்லை.

காது ஆறியது. கார் வந்தது. அந்த அம்மாள் கிருபையைத் தூக்கிவந்து நேரே வீரபாகுவின் கையில் வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

“இன்னாய்யா இது?”

“மாமன் குடுத்தாத்தான் வாங்கிக்குவாங்களாம்” என்றார் தேவசகாயம்.

தன் சிவந்த கைகளைப் பார்த்தான். அந்த அம்மாள் அவற்றைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள். கொடுத்தான். கார் பாலாற்றுப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் அவன் கைகள் நீட்டியபடியே இருந்தன.

“கம்மல் இன்னாச்சு மாமா?” மரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சீண்டினாள்.

“போடுவேம்மா.”

கூலி அரிசிக்கே சரியாகப் போயிற்று. வருஷங்கள் ஓடின. கிருபைக்குத் தாய்மாமன் வீரபாகு ஒரு ஜோடி தங்கக் கம்மல் இன்னும் பாக்கி.