ஏழு-பியின் நாற்பத்து மூன்றாம் நம்பர்

ஊரோரத்துச் சதுப்பு நிலம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடில், ஏழு-பி வகுப்பறைக்குக் குடிவந்தது. கோரைப்புல், தவளை, நாரை என்று குடும்பத்தோடு வந்து, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சத்தம் போடாமல் ஒதுங்கிக்கொண்டது. லேட்டாக வந்ததற்காக யாரும் அதை வெளியே நிற்க வைக்கவில்லை.

எல்லாம் அறிவியல் டீச்சரின் அவசரத்தால் வந்தது. அந்த நிலத்தை மண் கொட்டி மூடி, அதன்மேல் சதுப்பு நிலப் பாதுகாப்பு விழிப்புணர்வு மையம் கட்டப்போவதாக நகராட்சி அறிவித்திருந்தது. டீச்சருக்கு வயிறு எரிந்தது. மூடுவதற்குள் பிள்ளைகள் தொட்டாவது பார்க்கட்டும் என்று நாற்பத்திரண்டு பேரையும் முழங்கால் சேற்றில் இறக்கிவிட்டார். ஆளுக்கொரு பாட்டில் சேறு எடுத்து லேபிள் ஒட்டினார்கள். ‘வாழிடம்’ என்ற கட்டத்தில் முதல் பெஞ்சுக்காரி ‘ஏழு-பி’ என்று எழுத, மற்ற நாற்பத்தொரு பேரும் அவளைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். டீச்சர் மடமடவென்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். சதுப்பு நிலமோ, கையெழுத்தைப் பார்த்தால் மறுபேச்சுப் பேசாத ரகம். கிளம்பி வந்துவிட்டது.

மறுநாள் மண் லாரிகள் போனபோது அங்கே வெறும் கட்டாந்தரைதான் இருந்தது. விசாரித்துக்கொண்டு நகராட்சி இன்ஜினியர் லாரிகளோடு பள்ளிக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், இதை நான் மூடியாகணும். ஆர்டர் இருக்கு.”

பிள்ளைகளின் யூனிஃபார்மில் சேறு பட்டதிலிருந்து டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசாத தலைமையாசிரியைதான் முன்னால் வந்தார்.

“பெல் அடிச்சப்புறம் உள்ள இருக்கிறவங்க எல்லாரும் என் பொறுப்பு சார். டீச்சர், அதோட பேரை ரெஜிஸ்டர்ல எழுதுங்க.”

டீச்சர் நாற்பத்து மூன்றாவதாக எழுதினார். சேர்க்கையான மாணவர்மேல் மண் கொட்ட விதியில் இடமில்லை என்பதால், இன்ஜினியர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார்.

மையம் கட்டாந்தரையில் எழும்பியது. உள்ளே நீல பெயின்ட், பிளாஸ்டிக் நாரை, ‘தொடாதீர்கள்’ என்றொரு பலகை. வருஷா வருஷம் ஏழு-பி அங்கே சுற்றுலா போகிறது. பெற்றோர் கையெழுத்து இல்லாததால் நாற்பத்து மூன்றாம் நம்பரை மட்டும் அழைத்துப் போவதில்லை.

அதற்கும் ஆண்டுத் தேர்வு உண்டு. நீரைச் சுத்தம் செய்வது, வெள்ளத்தைத் தாங்குவது என்று எல்லாக் கேள்விக்கும் அது சரியாகவே செய்து காட்டுகிறது. ஆனாலும் டீச்சர் ஒவ்வொரு வருஷமும் ஃபெயில் போட்டுவிடுகிறார். பாஸ் போட்டால் சில வருஷத்தில் டி.சி. கொடுத்து வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். வெளியே லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முதல் வருஷம் அந்த மார்க்கைப் போடும்போது அழுதார். இப்போது பழகிவிட்டது. அதுவும் கோபித்துக்கொள்வதில்லை. பள்ளி திறக்கும் நாளில் புதுப் பிள்ளைகள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அதன் பக்கத்தில் இடம் பிடிக்க அடித்துக்கொள்கிறார்கள்.