வெயில் படாத விரிப்பு

நல்ல வெயில். மலையூரில் இப்படி வெயில் அடிப்பதே அபூர்வம். அடித்தால் அக்கா என்னையும் சேர்த்துத் துவைத்துக் காயப் போட்டுவிடுவாள். அவள் நடத்துவது சலவைக் கடை. ஆனால் அன்று மாடிக் கொடிகள் மொட்டையாக ஆடிக்கொண்டிருந்தன. ஒரு துண்டுகூட இல்லை. முந்தின நாளும் இல்லை.

கேட்டேன். மெஷின் ரிப்பேர் என்றாள். அவள் அதைச் சொல்லும்போதே கீழே மெஷின் உருளும் சத்தம் கேட்டது.

நான் சந்தேகப் பிராணிதான். ஆனால் அந்த வாரம் ஊரே அப்படித்தான் இருந்தது. எங்களுக்கு மேலே, மலையின் உச்சியை வழித்து எடுத்த மாதிரி ஒரு இடத்தில் சின்ன விமான நிலையம் இருக்கிறது. பெரிய விமானம் இறங்க வேண்டும் என்று ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள். நீட்டும் பக்கத்தில் ஒரு சதுப்பு நிலம். அதை மண் கொட்டி மூடவேண்டும். அதற்கு நேர் கீழேதான் ஊருக்கே குடிதண்ணீர் தரும் ஊற்று. சதுப்பை மூடினால் ஊற்று செத்துவிடும் என்பது எங்கள் பயம். சதுப்பின் தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் போகிறது, உங்கள் ஊற்றுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது அவர்கள் பேச்சு.

எதிர்ப்புக் குழுவில் அதிகம் கத்துகிறவன் நான். அதனால் ஊரில் என் பெயர் மைக். தலைக்கு மேல் விமானம் போனால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு ஓடி, என்ன ரகம் என்று பார்க்கிறவனும் நான்தான். அதனாலேயே குழுவில் பாதிப் பேருக்கு என் மேல் ஒரு கண். போதாததற்கு அக்கா கடையின் பெரிய வாடிக்கை விமான நிலைய விருந்தினர் விடுதி. அந்தத் துணியை நம்பித்தான் அவளும் அவளிடம் வேலை செய்யும் பெண்களும் இருக்கிறார்கள்.

சண்டை முற்றியதும் விமான நிலையத்தார் ஒரு நிலத்தடி நீர் ஆய்வாளரை வரவழைத்தார்கள். கலர் சார் என்று பெயர் வைத்துவிட்டோம். சதுப்பில் ஒரு பச்சைச் சாயத்தைக் கரைப்பாராம். அது ஊற்றில் வந்தால் நாங்கள் சொல்வது சரி. வராவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சமுதாயக் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் துளி சாயம் விட்டு, நீல விளக்கு டார்ச் அடித்துக் காட்டினார். டம்ளர் பூனைக் கண் மாதிரி மின்னியது. உடம்புக்கு ஒன்றும் செய்யாது, வெயில் பட்டால் தானாகவே வெளுத்துப் போய்விடும் என்றார். அக்காவும் கூட்டத்தில் இருந்தாள், கடைசி பெஞ்சில்.

சாயத்தைக் கரைத்தார்கள். ஊர்த் தொட்டியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்தார்கள். எதிலும் பச்சை இல்லை. அடுத்து நடக்கப்போகும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள்.

எனக்கு ஜீரணமாகவில்லை. ஊரின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வால்வு அண்ணனைப் பிடித்தேன். தொட்டி மேட்டில் உட்கார்ந்து ரப்பர் வளையம் வெட்டிக்கொண்டிருந்தார். சாயம் கரைத்த நாட்களில் தொட்டிக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டேன். வரவில்லை என்றார். வால்வு ஒழுகுகிறது, மாற்று என்று மேலிடத்திலிருந்து போன். அதனால் ஊற்று லைனை அடைத்துவிட்டாராம். ஊர் அந்த நாட்களில் குடித்தது தொட்டியில் ஏற்கனவே நிறைந்திருந்த பழைய தண்ணீர்.

"இத்தனை வருஷமா ஒழுகினப்போ யாரும் போன் பண்ணல, இப்ப மட்டும் பண்ணாங்களாண்ணே?"

"என்னை என்னடா முறைக்கிறே? மூடுன்னாங்க, மூடினேன். பாட்டில்ல பிடிக்கப் போறாங்கன்னு எனக்கு யாரு சொன்னா?"

"அப்ப பச்சைத் தண்ணி யாருக்குமே வரலையா?"

வளையத்தைக் கீழே வைத்தார். "ஒரு எடத்துக்கு வந்திருக்கும். உங்கக்கா கடை லைன் தொட்டிக்கு மேலயே பிரியுது. அந்த லைனை நான் மூடல. போய் அவளை மிரட்டு, பார்ப்போம். ஊருக்கெல்லாம் மைக்கு, வீட்டுக்குள்ள மட்டும் சத்தமே வராது."

இறங்கி வரும் வழியெல்லாம் மொட்டைக் கொடிதான் கண் முன்னால். என் அக்கா. பள்ளிக்கூடத்தில் என்னை அடித்தவனை வீட்டு வாசல் வரை துரத்திப் போனவள். அவளா? விடுதி மேலாளர் ஏதாவது ஆசை காட்டியிருப்பானோ? பெரிய விமானம் வந்தால் அதில் போர்த்தும் கம்பளிகளும் உனக்குத்தான் என்று?

கடையில் பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அது போதாதா எனக்கு? உள்ளே அக்கா போனில், விரிப்புகள் இன்னும் காயவில்லை என்று விடுதிக்காரனிடம் குழைந்துகொண்டிருந்தாள். இவ்வளவு வெயிலில். போனை வைத்தவளிடம் சரக்கறைச் சாவியைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் போட்டாள்.

சரக்கறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு இடுக்கில் பழைய போர்வை அடைத்திருந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது, ஈரத் துணி வாடை மூக்கைத் துளைத்தது. குறுக்கே கயிறு கட்டி விடுதியின் வெள்ளை விரிப்புகளை உலர்த்தியிருந்தாள். வெள்ளை என்று சொல்லக்கூடாது. இளம் வாழைக்குருத்து நிறம்.

ஊரே தலையைப் பிய்த்துக்கொள்கிறது, நீ இதை மறைத்து வைத்திருக்கிறாயே என்றேன். இன்னும் மோசமாகவும் சில வார்த்தைகள் விட்டேன். அவள் கேட்டுக்கொண்டே கதவைச் சாத்தினாள், வெளிச்சம் உள்ளே வராதபடி.

"பேசி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"மறைக்கணும்னா மாடில காயப் போட்டிருப்பேன்டா. அடிக்கிற வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள்ள வெளுத்திருக்கும். இஸ்திரி போட்டு அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

நான் விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அடுத்த நிமிஷம் தெருவுல நின்னு கத்துவே. கத்தினா மறுநாள் விடுதி வண்டி வந்து துணியையெல்லாம் அள்ளிட்டுப் போயிடும். வெளில அந்தப் பொண்ணுங்க நிக்குதுங்களே, அதுங்களுக்கு என்ன பதில் சொல்றது?" விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள். "சொல்லவும் முடியல, வெளுக்க விடவும் மனசு வரல. இருட்டுல வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

அன்று அவளை நான் வற்புறுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கலர் சார் பாட்டில்களை வரிசையாக வைத்தார். விளக்கை அணைத்து டார்ச் அடித்தார். ஒன்றும் மின்னவில்லை. மேடையில் இருந்த விமான நிலைய அதிகாரி, அடுத்த விஷயத்துக்குப் போகலாமா என்று கேட்டார். அப்போது கடைசி பெஞ்சில் அக்கா எழுந்தாள். கையில் கறுப்புத் துணியில் சுற்றிய மூட்டை. விளக்கைப் போட வேண்டாம் என்றாள்.

மேடைக்கு முன்னால் மூட்டையைப் பிரித்து விரித்தாள். "சார், அந்த டார்ச்சை இதுமேலயும் கொஞ்சம் அடிங்க."

அடித்தார். கூடம் முழுக்கப் பச்சை. முன்வரிசைக் குழந்தை ஒன்று சிரித்தது.

"இது யாரு துணிம்மா?" என்றார் அதிகாரி.

"உங்க விடுதித் துணிதான் சார். ஓரத்துல முத்திரை இருக்கு, பாருங்க. இந்த வாரம் கலர் சார் படுத்த விரிப்பா இருந்தாலும் இருக்கும்."

கூடமே சிரித்தது. கலர் சார் சிரிக்கவில்லை. குனிந்து, துணியைக் கையில் எடுத்து, டார்ச்சை நெருக்கி வெகுநேரம் பார்த்தார். இது நான் கரைத்த சாயம்தான் என்று அவரே சொன்னார். பிறகு பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணிய நான் பிடிக்கல. பிடிச்சுக் கொண்டுவந்து குடுத்தாங்க."

யார் என்று அதிகாரி கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம். அதிகாரி தன் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் வால்வு அண்ணனைப் பார்த்தார், வால்வு அண்ணன் போன் வந்தது என்றார், யார் போன் என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. சோதனையை மறுபடி செய்வது, அதுவரை சதுப்பில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஊர் கலைந்தது.

மறுநாள் காலை விடுதி வண்டி வந்தது. அக்கா சொன்னபடியே. கணக்கு முடிந்தது என்று துணியையெல்லாம் அள்ளிப் போனார்கள். கூட்டத்தில் காட்டிய பச்சை விரிப்பு மட்டும் கலர் சாரிடம் இருந்தது. மாடிக் கொடிகள் மறுபடி மொட்டை. குழுவில் எல்லோரும் வீட்டுப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு வந்து துவைக்கக் கொடுத்தார்கள். பாதிப் போர்வைகள் ஏற்கனவே சுத்தமாக இருந்தன. அக்கா அதைக் கவனிக்காத மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். எத்தனை நாளைக்கு இப்படிக் கொடுப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவளுக்கும் இருந்திருக்கும்.

இரண்டாவது முறை சாயம் கரைத்த அன்று தொட்டி மேட்டுக்குக் கிளம்பினேன். வால்வு திறந்திருக்கிறது என்று அண்ணன் தாயின் மேல் சத்தியம் செய்திருந்தார். கலர் சார் இந்த முறை தானே தண்ணீர் பிடிப்பதாகச் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிந்தார். முதல் தடவையும் அப்படித்தான் தெரிந்தார்.

படியிறங்கும்போது அக்கா கூப்பிட்டு ஒரு வெள்ளைத் துண்டை என் தோளில் போட்டாள்.

"தொட்டில முக்கி எடுத்துட்டு வா. வர்ற வழில சட்டைக்குள்ள வச்சுக்கோ, வெயில் படக்கூடாது."

"அவரே பாட்டில்ல பிடிக்கிறாரேக்கா?"

"பிடிக்கட்டும்" என்றாள்.