புளியமரம் ஏறிய கோர்ட்டு

ஒரு முன்சீப் கோர்ட்டையே, கறுப்புக் கோட்டும் அரக்கு முத்திரையுமாக, தனியாளாக ஜவ்வாது மலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் புளியமரத்து உச்சியில் உட்காரவைத்தவன் நான். முப்பத்தொன்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் பொய் சொல்வானா? சொல்வான். ஆனால் இந்த விஷயத்தில் சொல்லமாட்டான். இப்போது வீட்டில் இதைக் கேட்கச் சுவர்க்கடிகாரத்தைத் தவிர ஆளில்லை. கடிகாரம் இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

அன்றைக்கு மறுத்துப் பேசியவள் ஒருத்திதான், மங்கம்மாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவள் மலையிலிருந்து நடந்தே எங்கள் ஆபீசுக்கு வந்தாள். புருஷன் போய்விட்டான். இரண்டு பிள்ளைகளும் காப்பித் தோட்டத்து வேலைக்கு மைசூர்ப் பக்கம் போனவர்கள், போனவர்கள்தான். பக்கத்து வீடு என்று ஒன்று உண்டு. அங்கிருந்து கூப்பிட்டால் சத்தம் வந்துசேர மறுநாள் ஆகும். ஒன்பது புளியமரங்கள்தான் அவளுக்குச் சோறு.

அந்த ஒன்பதையும் படவேட்டுப் புளி வியாபாரி கண்ணாயிரம் பிடித்துக்கொண்டார். 'மரத்தில் காய் தீரும் வரை மகசூல் கண்ணாயிரத்தைச் சேர்ந்தது' என்று பத்திரம். ஒரு வருஷத்து விலைதான் கொடுத்தார். மூன்றாம் வருஷமும் ஆட்களை அனுப்பி உலுக்கினார். மலையில் யாரும் மரத்து உச்சிக்கிளையை உலுக்குவதில்லை. அதனால் அங்கே எப்போதும் நாலு காய் தொங்கும். இவள் போய்க் கேட்டால் கண்ணாயிரம் மேலே கையைக் காட்டுவாராம்: "அண்ணாந்து பாரும்மா. காய் கீதா இல்லியா? தீந்துட்டா நான் ஏன் வரப்போறேன்?"

அந்தக் கணக்கில் பிரளயம் வந்தாலும் மரம் அவருடையதுதான்.

எங்கள் வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "குமாஸ்தா, காகிதம் அவன் பக்கம்தான்யா நிக்குது."

அவளுக்குக் குடிக்க டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சும்மா வாயை வைத்துக்கொண்டிருக்க முடியாமல் கேட்டேன். "உச்சிய மட்டும் ஏம்மா உட்டுவெக்கிறீங்க?"

"அது கிளிக்குங்க. அதுல யாருனா கைய வெப்பாங்களா? மொத வருசம் கண்ணாயிரமே துணி கட்டிட்டுத்தானே போனாரு."

"இன்னா துணி?"

சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டவனைப் போல என்னைப் பார்த்தாள். மகசூலை வாங்கியவன் பறித்து முடித்ததும் தானே ஏறி, உச்சிக்கிளைக்குக் கீழே ஒரு துணி கட்டவேண்டுமாம். 'இதற்கு மேல் என்னுடையது இல்லை, என் வேலை முடிந்தது' என்று அர்த்தமாம்.

"இத மொதல்லயே வக்கீல்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சத இன்னாத்துக்குங்க சொல்றது?"

உள்ளே வக்கீலின் நாற்காலி துள்ளிய துள்ளலில் மூன்று தெரு நாய்கள் குரைத்தன. துணியை நாமே அவிழ்த்துக் கொண்டுவந்தால், நாம் கட்டியது என்பார்கள். கோர்ட்டே ஒரு கமிஷனரை அனுப்பிக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று மனுப் போட்டார்.

மங்கம்மாள் சிரித்தாள். "கோர்ட்டு எங்க மலைக்கு வருமா? நான் பெத்ததுங்களே வரலியே."

வந்தது. கமிஷனராகக் கோபால் என்ற இளம் வக்கீலைப் போட்டார்கள். ஆள் ஒன்றரை யானை எடை. அவர் ஏறிய பிறகு பஸ் பாதி வழி பின்னங்காலில் போயிற்று. பஸ் நின்ற இடத்திலிருந்து நான்கு மைல் நடை. நோட்டீஸ் கிடைத்துக் கண்ணாயிரமும் வந்திருந்தார். கோபாலைக் கீழிருந்து தோள் கொடுத்துத் தள்ளினேன். நான் மூன்று அங்குலம் குள்ளமானது அன்றைக்குத்தான். கிளிகள் எல்லாம் சேர்ந்து ஆட்சேபணை தெரிவித்தன. அவர் கோட்டைக் கழற்றாமலே ஏறினார்.

உச்சியிலிருந்து குரல் வந்தது. "சாக்குத் துணி ஒண்ணு முடிபோட்டிருக்கு! மசி எழுத்து இருக்கு... கண்ணாயிரம், படவேடு!"

பொய் வரும், மடக்கலாம் என்று நான் நாலு கேலி தயாராக வைத்திருந்தேன். நாலும் வீணாகப் போயின. கண்ணாயிரம் தரையைப் பார்த்தார்.

"வேற துணி கெடைக்கல. எங்க கடை சாக்கக் கிழிச்சி நான்தான் கட்னேன்" என்றார். "பத்திரத்துல எப்பிடி வேணா பேசலாங்க. கட்ன துணியில பேச முடியாது."

முதல் வருஷமே மகசூல் முடிந்தது, மரங்கள் மங்கம்மாளுக்கே என்று தீர்ப்பாயிற்று.

மாசி மாதம் தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு நானே மலையேறினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது காயிதம். அன்னிக்கி வந்தது யாரோ கோட்டு போட்ட புள்ள. கோர்ட்டுன்னு நீங்கதான் சொல்றீங்க, குமாஸ்தாரே."

"அட, நான் சொன்னா பத்தாதா?"

"பஸ்ஸு பின்னங்கால்ல வந்துதுன்னும் நீங்கதானே சொன்னீங்க?"

அப்போது பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டது. கண்ணாயிரத்தின் ஆட்கள், ஆணும் பெண்ணுமாக இருபது பேர், மூங்கில் கழிகளோடு வந்தார்கள். மூன்று வருஷமாக அவர்கள் இவள் மரத்தடியில் நான்கு நாள் தங்கிச் சண்டையும் பாட்டுமாக உலுக்குவார்கள். வருஷத்தில் அவள் வாசலில் மனிதக் குரல் கேட்பது அந்த நான்கு நாள்தான் என்று அதற்குச் சற்றுமுன் அவளே சொல்லியிருந்தாள்.

மங்கம்மாள் எழுந்து நின்றாள்.

அவர்கள் நிற்கவில்லை. ஒருத்தி மட்டும் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். கழிகள் வளைவில் ஒவ்வொன்றாக மறைந்தன. பேச்சும் தேய்ந்து நின்றது. ஒன்பது மரங்களும் கிளை கொள்ளாமல் காய்த்து நின்றன. உலுக்க அவள் ஒருத்திதான்.



பாதையைப் பார்த்துக்கொண்டே அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மெய்தாங்க, குமாஸ்தாரே. கோர்ட்டு வந்துதான் போயிருக்குது."