தப்பே பண்ணாதவனைக் கெடுப்பது எப்படி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடையில் கிடைத்தது. நான் போனது ரேடியோவுக்கு அடாப்டர் வாங்க. எனக்கு முன்னால் ஒரு பெண், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, கிட்டார் சத்தத்தை மாற்றும் மலிவு விலைப் பெடல்கள் கிடந்த பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“இதெல்லாம் கிட்டார்காரங்க வாங்குறது. உங்களுக்கு எதுக்கு?” என்றார் கடைக்காரர்.

“எங்க வீட்டுல ஒருத்தன் தப்பே பண்ண மாட்டேங்கிறான். அவனைக் கெடுக்கணும்.”

அந்த ஒருத்தன் ஒரு டிரம் மிஷின் என்று தெரிவதற்குள் நான் மனதில் ஒரு குடும்ப நாவலையே முடித்துவிட்டேன். அடாப்டர் வாங்க மறந்தும் போனேன். ரேடியோ இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ‘தாளம் என்பது காலத்தின்…’

(வேண்டாம். காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதை கொட்டாவி விடும்.)

இரண்டாவது தொடக்கம்: வீட்டுப் பாட்டுக் குழுவில் அந்தக் கடைப் பெண்ணுக்கு ‘இடி’ என்று பெயர். பத்து வருடமாக அவள்தான் டிரம்ஸ். அண்ணன் பாஸ் கிட்டார், அண்ணி பாட்டு. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஆறு மாதத்துக்குக் குச்சியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இடத்தில், பொத்தானை அழுத்தினால் தானே தாளம் அடிக்கும் டிரம் மிஷினை வைத்தார்கள். அது சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. ஒரு அடிகூடப் பிசகாது. வம்பே அதுதான்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அண்ணி ஒரு மூச்சு எடுப்பாள். ஒரு நாள் சின்ன மூச்சு, ஒரு நாள் பெரிய மூச்சு. இடி காத்திருப்பாள். மிஷின் காத்திருக்காது.

3

முதல் பிரதியில் அண்ணியை வில்லியாக்கியிருந்தேன். ‘அண்ணி உதட்டைச் சுழித்தபடி…’ என்று ஒரு வாக்கியம்கூட இருந்தது. அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. ஒற்றைக் கையால் பின்னல் போட முடியாதே, இடிக்குத் தினமும் தலை பின்னி விடுவது யார்? யோசித்துப் பார்த்தேன். அண்ணிதான் சீப்போடு வந்தாள். காலையில் வந்து தலை பின்னி விடுகிறவளை எப்படி வில்லியாக்குவது?

“ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வேற டிரம்மரை வரச் சொல்லலாமான்னு உங்க அண்ணன் கேக்குறாரு.”

“அண்ணன் கேக்குறாரா, நீங்க கேக்குறீங்களா அண்ணி?”

சீப்பு நின்றது.

“நான்தான். அது எனக்காக நிக்க மாட்டேங்குதுடி. பாடுறேனா, பஸ்ஸைத் துரத்துறேனான்னே தெரியல.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க.”

“சரி, தலையை ஆட்டாத. பின்னல் கோணுது.”

இடிக்கு உள்ளுக்குள் பயம். அந்த ஸ்டூலில் இன்னொருத்தர் உட்கார்ந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அவரை எழுந்திருக்கச் சொல்லப்போவது யார்?

4

கடையில் வாங்கியது இரண்டு பெடல்: ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்குவது, இன்னொன்று எதிரொலி. கரகரப்பு காலை வாரிவிட்டது. கிட்டாருக்காகச் செய்ததில் பாஸ் டிரம்மின் கனமே காணாமல் போய், தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்டது. அண்ணன் தன் பழைய பாஸ் பெடலைக் கழற்றிக் கொடுத்தான்.

“இதுல அந்தக் கனம் போகாம தங்கும். மிஷின் வால்யூமைக் குறைச்சுக் குடு, இல்லேன்னா கத்தும்.”*

இப்போது மிஷினுக்குத் தொண்டை கட்டி, ஆள் மாதிரி ஆனது. ஆனாலும் அது நிற்கவில்லை.

(* போன பிரதியில் முழு வால்யூமில் வைத்து எழுதியிருந்தேன். தெரியாத தொழில்.)

எதிரொலிப் பெடலை நான் மேஜைமேல் வைத்தேன். மூன்று பக்கம் அவள் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தாள். கதை அசையவில்லை. நான்காம் பக்கத்தில் மேஜைக்குத் துவைத்த துணி வந்து சேர்ந்ததால், பெடல் தரைக்கு இறங்கியது. குனியச் சோம்பல்பட்டு அவள் அதைக் காலால் மிதித்தாள்.

பெடல் என்பதே கால் சமாசாரம் என்று, மூன்று பக்கம் எழுதிய எனக்கு உறைக்கவில்லை. பத்து வருடம் பாஸ் டிரம்மை மிதித்த காலுக்கு உடனே உறைத்தது. உடைந்தது கைதானே!

மிதித்தபடியே இடது கையால் மிஷினை நிறுத்தினாள். மிஷின் நின்றது. கடைசி அடி மட்டும் நிற்காமல், திரும்பத் திரும்ப ஒலித்து, மெல்லத் தேய்ந்தது. அண்ணி மூச்சு எடுத்து முடிக்கும்வரை யாரோ வாசலில் காத்திருப்பது போல் இருந்தது. இடி துணிக் குவியலில் முகத்தை வைத்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

5

முடிவு ஒன்று: அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். (ஏற்கெனவே ஒருத்தி அழுதாயிற்று.)

முடிவு இரண்டு: புது டிரம்மர் வாசல்வரை வந்து, கேட்டுவிட்டு… (பாவம், ஒரு மனிதரை வரவழைத்துவிட்டு எப்படித் திருப்பி அனுப்புவது?)

முடிவு மூன்று: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதல் சரணம் முடிந்தது. இடியின் கால் பெடலை மிதிக்கிறது, இடது கை மிஷினை நிறுத்துகிறது. கடைசி அடி அறைக்குள் சுற்றி வருகிறது. வழக்கம்போல் அவசரமாக வாயைத் திறந்த அண்ணி, திறந்த வாயோடு நிற்கிறாள். துரத்த வேண்டிய பஸ் நிறுத்தத்திலேயே நிற்கிறது. மைக்கை நகர்த்திவிட்டுத் திரும்புகிறாள்.

“இருக்கியாடி?”

“இருக்கேன் அண்ணி. நிதானமா வாங்க.”

அண்ணி மூச்சு எடுக்கிறாள். இடியின் விரல் பொத்தான்மேல் தயாராக இருக்கிறது. அந்த மூச்சு எவ்வளவு நீளம் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் நானும் மிஷின் ஆகிவிடுவேன். நீங்களே ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் தலையை ஆட்டுங்கள், இடி ஆரம்பிப்பாள்.