பெடலில் இருந்த கால்

1

இந்தக் கதையை என் நாத்தனாரை அவமானப்படுத்தத்தான் எழுதத் தொடங்கினேன். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய தம்பி, அதாவது என் கணவர், வேறொருத்தியோடு குடித்தனம் போய் ஐந்து மாதமாகிறது. காரை மட்டும் வாசலில் விட்டுப் போயிருந்தார். (பிரேக் சரியாகப் பிடிக்காததால். முதல் வரைவில் "என்மேல் இருந்த இரக்கத்தால்" என்று எழுதி அடித்துவிட்டேன்.)

2

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் ஸ்பேனர் பையோடு வந்து நின்றார். அப்போது வானம்... வேண்டாம், வானத்தை யார் பார்த்தார்கள்?

"பிரேக்கைச் சரி பண்ணிடலாம்மா. உள்ள உக்காந்து பெடலை மிதிக்க ஒரு ஆள் வேணும்."

எனக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

பின்சக்கரத்தில், பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுகிற சின்னத் திருகு துருவேறிக் கிடந்தது. அதைக் கழற்றிப் புதிதைப் போட்டார். அதன் முனையில் ஒரு டியூப்பைச் செருகி, மறுமுனையை பாட்டிலுக்குள் விட்டார்.

"மிதி. இன்னும் ரெண்டு தடவை. அப்படியே புடி. நான் மூடுறதுக்குள்ள காலை எடுத்துடாத, காத்து திரும்ப உள்ள போயிடும், அப்புறம் பிரேக் புடிக்காது."

திருகைத் திறந்தார். பெடல் என் காலடியில் அமுங்கியது. பாட்டிலில் குமிழ்கள். மூடினார்.

"இப்ப விடு."

நான்கு சக்கரத்துக்கும் இதேதான். கடைசிச் சக்கரத்தில், திருகு திறந்திருக்கும்போது, குனிந்தபடியே சொன்னார்:

"வண்டியை அப்படியே அவன்கிட்ட கொண்டு போறேன். அவ மாசமா இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போக வர வேணுமாம்."

3

இரண்டாம் வரைவில் சட்டென்று காலை எடுத்துவிடுகிறேன். மூன்றாம் வரைவில், எடுத்ததை மறைத்துப் பொய்யும் சொல்கிறேன். அதை எழுதிய அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

நடந்தது இது: அவர் மூடும்வரை பிடித்திருந்தேன்.

"பெடல் கெட்டியா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கு அண்ணி."

உண்மை. அவர் எழுந்து கையைத் துடைத்தார்.

"இன்னொரு சாவி உன்கிட்ட இருக்குமே?"

அதையும் எடுத்துக் கொடுத்தேன்.

4

அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் காலை எடுக்கவில்லை என்று எழுதினால் கதை அழகாக முடியும். என்னை நல்லவள் என்பீர்கள். ஆனால் பிள்ளை என் நினைவுக்கே வரவில்லை. அண்ணி "புடி" என்றார், பிடித்திருந்தேன். பதினொரு வருடம் அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தேன். இதில் அவமானப்பட்டது யார் என்று இப்போது எனக்கே குழப்பமாக...

நாத்தனார் தெருமுனையில் ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்தார். வண்டி நன்றாக நின்றது. அங்கிருந்து அது எங்கே போனது, யார் ஏறினார்கள் என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கதவைச் சாத்திவிட்டேன்.