அப்பாவு வூட்டுப் பாட்டு, ஜெயவேல் கணக்கில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைக் கதை எழுதுவதற்காக நான் ஆரம்பிக்கவில்லை. ஒரு பத்திரிகையில் 'பழைய ஆடியோ செட்டில் இணையப் பாட்டு கேட்பது எப்படி' என்று வீட்டுக்குப் பயன்படும் கட்டுரை ஒன்று கேட்டார்கள். நானும் ஒழுங்காகத்தான் தொடங்கினேன். "உங்கள் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி கிடைக்கிறது. அதை வீட்டு வைஃபையில் சேர்த்து, அதன் சிவப்பு ஒயரையும் வெள்ளை ஒயரையும் செட்டின் பின்னால் செருகினால் போதும். பாட்டு நெட்டிலிருந்து வரும். சத்தம் உங்கள் பழைய செட்டின் சத்தம்." இதுவரைக்கும் யாருக்கும் ஒரு தொல்லையும் இல்லை.

அதற்குப் பிறகு, "எடுத்துக்காட்டாக, தண்டையார்பேட்டை அப்பாவு" என்று ஒரு வரி எழுதினேன். வந்தது வினை! அந்த ஆள் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டுரையை முடிக்கவும் விடவில்லை, எழுந்து போகவும் இல்லை.

2

எப்படித் தொடங்குவது என்று கொஞ்ச நேரம் அல்லாடினேன். எழுதி அடித்ததையும் அடைப்புக்குள் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

[ராயபுரம் கடற்கரையிலிருந்து உப்புக்காற்று அந்த மாலையில்] போதும். வடசென்னை என்றால் உடனே உப்புக்காற்றைக் கூப்பிட்டுவிடுகிறோம். அப்பாவு வீட்டு ஜன்னலில் அன்றைக்கு வந்தது பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனை.

[அப்பாவு தனிமையில்] இதுவும் வேண்டாம். மனைவி, மகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வாசலில் கேரம் ஆடுகிறவர்கள் என்று அவரைச் சுற்றி எப்போதும் ஆள் உண்டு. இந்த மனிதருக்குத் தனிமை வாடகைக்குக் கூடக் கிடைக்காது.*

இதுதான் நிலைத்தது:

சாயங்காலம் பாட்டு பாதியில் நின்றது. அப்பாவு தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"குந்திக்கினான்" என்றார்.

யார் குந்தினார், அதற்கு இங்கே பாட்டு ஏன் நிற்க வேண்டும் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

* அப்பாவுவின் மனைவியை இந்தக் கதையில் நான் பேசவிடவில்லை. விட்டிருந்தால் இரண்டாம் பத்தியிலேயே சண்டை போட்ட இரண்டு பேரையும் திட்டிக் கதையை முடித்துவைத்திருப்பார்.

3

அப்பாவு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கீழே நின்று அவருக்குக் கை காட்டியவர் ஜெயவேல். மேலே இருக்கிறவருக்குக் கீழே பேசுவது கேட்காது. ஜெயவேலின் கை ஏறினால் சரக்குப் பெட்டி ஏறும், கை மூடினால் பெட்டி நிற்கும். இப்படியே வேலைக்காலம் முழுக்கப் பேசாமல் பேசியவர்கள்.

(இது கொஞ்சம் வசதியாக அமைந்துவிட்டது என்று எனக்கே உறுத்துகிறது. பின்னால் பேச்சு நிற்கப்போகிற இரண்டு பேருக்கு முன்கூட்டியே இப்படி ஒரு வேலையைக் கொடுப்பது கதாசிரியனின் திருட்டுத்தனம். ஜெயவேலைக் குமாஸ்தாவாக மாற்றிப் பார்த்தேன். சட்டை கூட அவருக்குப் பொருந்தவில்லை. இருக்கட்டும்.)

அப்பாவு ஓய்வு பெற்றுவிட்டார். ஜெயவேல் எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இன்னும் வேலை பார்க்கிறார், வீடு திருவொற்றியூரில். அப்பாவு வீட்டு ஹாலில் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரும், மர டப்பாவில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு ஸ்பீக்கரும் உண்டு. டேப் வாய் திறந்தபடியே செத்துப்போய் வருஷமாகிறது.

ஒருநாள் ஜெயவேல் அந்தச் சின்னப் பெட்டியோடு வந்தார். தன் வீட்டு செட்டுக்கும் அதே மாதிரி ஒன்று மாட்டியிருந்தார்.

"செட்டு சோக்கா கீது மாமு. அதுக்கு ஊட்டுறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல. இத்த மாட்டு."

"பாட்டு ஆப்புல கணக்கு கிணக்கு கேக்குமாமே?"

"என் கணக்குலயே போட்டுக்கினேன். நீ வேற, நா வேறயா?"

அவ்வளவுதான். ஜெயவேலின் செல்லிலும் அப்பாவுவின் செல்லிலும் பாட்டை எங்கே ஒலிக்கவைப்பது என்று கேட்கிற இடத்தில் இரண்டு பெயர்கள் வந்தன. அப்பாவு வூடு, ஜெயவேல் வூடு. எங்கேயிருந்து தொட்டாலும் எந்த வீட்டிலும் பாட வைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கணக்கு ஒன்று என்பதால் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாட்டு ஓடும். இங்கே வைத்தால் அங்கே நிற்கும், அங்கே வைத்தால் இங்கே நிற்கும். சண்டை இல்லாத காலத்தில் யாரும் இதைக் கவனிக்கவே இல்லை.

4

ஆடி மாதம் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். அந்த வருஷம் கரகம் அப்பாவு தலைக்கு. அந்தத் தெருவில் ஒரு கட்டு உண்டு: கரகம் தலையில் ஏறினால் கோயிலில் இறக்கும்வரை பேசக்கூடாது, திரும்பக்கூடாது, யாரும் தொடவும் கூடாது.

மைக் செட்டுக்காரரிடம் ஹாரன் ஸ்பீக்கரை மட்டும் வாங்கி மாடியில் கட்டிவிட்டு, ஒயரைத் தன் வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்துவிட்டார் அப்பாவு. தன் செட்டு தெருவுக்கே பாடுகிறது என்று காட்ட ஆசை. தப்பா? இல்லை. எல்லோரும் கிளம்பியதும் வீட்டைப் பூட்டி, இருந்த ஒரே சாவியை மஞ்சள் வேட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாரே, அதுதான் தப்பு.

கரகம் ஏறினால் செல்லைத் தொட முடியாதே என்று, பாட்டை ஓட விடச் சொல்லிக் காலையில் ஜெயவேலுக்குப் போன் போட்டார். ஜெயவேல் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். படுத்துக்கொண்டே தன் செல்லில் 'அப்பாவு வூடு' என்பதைத் தொட்டு அம்மன் பாட்டு வரிசையை ஓட விட்டார். கூழுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிக் கண்ணை மூடினார்.

எழுந்தவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிற்று. குளிக்கப் போகுமுன் தனக்குப் பிடித்த மழைப் பாட்டு ஒன்றை வைத்தார். கதாநாயகி நனைவாள், மூச்சு வாங்குவாள், அந்த வகை. செல் இன்னும் அப்பாவு வீட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. தன் ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையே என்று ஒலியைக் கொஞ்சம் ஏற்றினார். இன்னும் வரவில்லை. இன்னும் ஏற்றினார். கடைசியில் முழுசாக ஏற்றிவிட்டு, "இன்னா பேஜாரு இது" என்று அலுத்து, செல்லைக் கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

தண்டையார்பேட்டையில் கரகம் தெருமுனை திரும்பியது. மாடி ஹாரனில் கதாநாயகி மூச்சு வாங்கினாள்.

பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பூசாரி உடுக்கையை ஓங்கி அடித்துப் பார்த்தார், ஹாரனிடம் அது எடுபடுமா? வீடு பூட்டியிருந்தது. மெயின் சுவிட்ச் உள்ளே, மாடிப்படி உள்ளே, அப்பாவுவின் செல்லும் உள்ளே. சாவி கரகக்காரர் இடுப்பில். கரகக்காரர் இடுப்பில் கை வைக்க எவனுக்குத் தைரியம்? அப்பாவு முகம் செங்கல்லாகச் சிவந்து, நேரே பார்த்தபடி, அந்த மழைப் பாட்டுக்கு நடுவே கோயில்வரை நடந்தார். அது முடிந்ததும் அடுத்த மழைப் பாட்டு தொடங்கியது.

5

மத்தியானம் ஜெயவேல் புதுச்சட்டை போட்டுக்கொண்டு கூழ் குடிக்க வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"வேணும்னே பண்ணியாடா?" என்றார் அப்பாவு, தெருவே பார்க்க.

விஷயம் புரிந்ததும் ஜெயவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது.

"எவனாவது அம்மன் பாட்டை வூட்ல வச்சுப் பூட்டிகினு போவானா மாமு?"

"என் வாசப்படிய மிதிக்காத. போ."

ஜெயவேல் சிரிப்பை நிறுத்தினார். கையிலிருந்த சொம்பை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதோடு பேச்சு நின்றது.

ஆனால் கணக்கு நிற்கவில்லை. ஜெயவேல் நினைத்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றி அப்பாவுவை வெட்டிவிட்டிருக்கலாம். செய்யவில்லை. அப்பாவு பெட்டியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. சாயங்காலம் அப்பாவு பாட்டு வைப்பார். கொஞ்ச நேரத்தில் அது பாதியில் நிற்கும். ஜெயவேல் வேலையிலிருந்து வந்து, காலைக் கழுவி, டீயோடு உட்கார்ந்து பாட்டு வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

"குந்திக்கினான்" என்பார் அப்பாவு. திட்டுகிற குரலில்தான் சொல்வார். ஆனால் சொன்னபிறகு நன்றாகச் சாய்ந்து உட்காருவார். போன வருஷம் ஜெயவேலுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடியவர் அவர்.

மகள் மகிழினிக்கு இது பொறுக்கவில்லை. "நைனா, தெனம் பாதில நின்னுனு போவுது. நா வேற கணக்கு போட்டுத் தரேன், நிம்மதியா கேளு."

"வாணாம்."

"ஏன் வாணாம்?"

"வாணாம்னா வாணாம். நீ வேலயப் பாரு."

6

ஒரு சாயங்காலம் பாட்டு நிற்கவில்லை.

அப்பாவு வைத்தது முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. அடுத்ததும் ஓடியது. லேட்டா வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

"பாத்தியா நைனா, ஒயுங்கா ஓடுது" என்றாள் மகிழினி.

ஒழுங்காகத்தான் ஓடியது. அப்பாவுவுக்குத்தான் ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. நில்லுடா, நில்லுடா என்று ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் என்னை முறைத்தார். "போன் பண்ணி இன்னான்னு கேக்கறது? உயிரோட கீறியான்னா?"

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு திருவொற்றியூர் பஸ் ஏறினார்.

7

அவர் பஸ்ஸில் இருக்கும்போதே நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, [நீங்க அவருக்கு இன்னா வேணும்? விஷயம் தெரியா] அடித்துவிட்டேன். மனசு வரவில்லை. கதை கனமாக வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷனைச் சாகடிக்கிற ஆள் நான் இல்லை. பஸ்ஸில் அப்பாவு கம்பியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்திருந்தால் நீங்களும் அடித்திருப்பீர்கள்.

இரண்டாவது முடிவு: ஜெயவேல் தனக்கென்று வேறு கணக்கு வாங்கிவிட்டார். நடக்கக்கூடியதுதான். ஆனால் நீ வேற நா வேறயா என்று கேட்ட வாய், அப்படிச் செய்யுமா? செய்யாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அப்பாவு கேட்டருகே போய் நின்றபோது அதுவாகவே நடந்தது.

ஜெயவேலின் மனைவி சிவந்தி வாசலில் குடத்தோடு நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் குடத்தை இறக்கினாள்.

"வாண்ணே."

"கீறானா?" என்றார் அப்பாவு.

"உள்ளதான் கீறாரு. நல்லாத்தான் கீறாரு. ஏண்ணே?"

அப்பாவு சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் கோபம் வந்தது. "அப்புறம் இன்னாத்துக்கு பாட்டு வெக்கல?"

சிவந்தி குரலைத் தாழ்த்தினாள். "மகிழினிய ஷேர் ஆட்டோல பாத்தாராம். 'சித்தப்பா, நீ போட்டா நைனா பாட்டு நின்னுடுது'ன்னு சொல்லிச்சாம். வந்து செல்ல எடுத்து அலமாரில வச்சவருதான். 'அவன் கேக்கட்டும், அவனுக்கு வேற இன்னா கீது'ன்னாரு. நானும் சொல்லிப் பாத்துட்டேண்ணே."

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ஜெயவேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்ன ரேடியோ. அதில் பற்பசை விளம்பரம் ஓடியது, அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரியில் அவருடைய செட்டும் ஸ்பீக்கரும் துடைத்துவைத்தபடி இருந்தன. செட்டிலும் அந்தச் சின்னப் பெட்டியிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்பாவுவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப்போவதில்லை. கலங்கியது, சட்டைக் கையால் துடைத்தார்.

"உள்ள வாண்ணே" என்றாள் சிவந்தி மறுபடியும்.

"என் வாசல மிதிக்காதன்னேன். நா எப்டி இவன் வாசல மிதிக்கறது?"

8

இங்கே நான் எழுதுவதை நிறுத்தினேன்.

கூப்பிட்டால் குரல் போகிற தூரம். கதவும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அப்பாவு கூப்பிடவில்லை. சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தார். பாட்டை எங்கே ஒலிக்கவைப்பது என்கிற இடத்தைத் திறந்தார். இரண்டு பெயர்கள். வழக்கமாகத் தொடுவதை விட்டுவிட்டு, 'ஜெயவேல் வூடு' என்பதைத் தொட்டார்.

சிவந்திக்குப் புரிந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

எந்தப் பாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அம்மன் பாட்டா, இல்லை கதாநாயகி மூச்சு வாங்குகிற அந்த மழைப் பாட்டா? அதைக் கேட்டதும் ஜெயவேல் எழுந்து வருவாரா, வந்தால் முதலில் யார் பேசுவார்கள், என்ன சொல்லுவார்கள்? எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் அவர்களைவிட அதிகமாகப் பேசியது. அதனால் அழித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று செய்துவைத்திருக்கிறேன். ஒலியை முழுசாக ஏற்றிவிட்டேன்.

பாட்டின் மேல் நிற்கிற அப்பாவுவின் கட்டைவிரல் இப்போது உங்களுடையது. ஜெயவேல் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அழுத்துங்கள்.